பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஏன் பாதியில் நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் பல கோடைகள் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஆசிரியப் பயிற்றுநர் வேலை. பெற்றோர், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள், டீக்கடையில் பேச்சுக் கொடுப்பவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டைப் பற்றியவை. சிலவற்றுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

தமிழ்நாட்டில்தான் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்களே, இன்னும் என்ன இடைநிற்றல்?

ஒன்றாம் வகுப்பில் சேராத பிள்ளை இன்று அபூர்வம். கல்லூரிச் சேர்க்கையிலும் நாம் முன்னால்தான் இருக்கிறோம்: 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. ஆனால் மாநிலத்தை மொத்தமாகப் பார்க்கும்போது தெரியாத பள்ளங்கள் பிரித்துப் பார்த்தால் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பட்டியல் சாதியினரிடம் அது 73.26, பழங்குடியினரிடம் 54.34. கன்னியாகுமரி மாவட்டத்தில் 91.75, தருமபுரியில் 68.54. இந்த எண்களில் பெரியவர்களும் அடக்கம், ஆகவே இன்றைய வகுப்பறை எப்படி இருக்கிறது என்று இவை சொல்லாது. இன்று வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பா, அம்மா, பாட்டி யார் என்று சொல்லும். அது போதும் நமக்கு.

இன்னொன்று. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு அன்று ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வரவில்லை. பெயர் பதிவேட்டில் இருந்தது, ஹால் டிக்கெட் இருந்தது, ஆள் இல்லை. கொரோனா காலத்தில் தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பில் எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டு மேலே வந்த பிள்ளைகள் அவர்கள். அதில் பலர் பதினொன்றாம் வகுப்பிலேயே வேலைக்குப் போய்விட்டவர்கள். தேர்வுக்கு வராத அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

எத்தனை நாள் வராவிட்டால் பிள்ளை "நின்றுவிட்டது" என்று அர்த்தம்?

அலுவலகக் கணக்குக்குத் தொடர்ந்து ஒரு மாதம் போல வராமல் இருந்தால்தான் அது ஒரு பெயராக மேலே போகும். ஆனால் எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் நிற்பதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு நாளை மட்டும் பார்க்காமல், ஒரு பிள்ளையின் வரிசையை நாள் நாளாகப் படித்தால் முன்கூட்டியே தெரியும்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பதிவேட்டை ஒரு தலைமையாசிரியை எனக்குக் காட்டினார். ஜூலையில் நான்கு சிவப்புக் குறி. நான்கும் திங்கட்கிழமை. ஆகஸ்டில் திங்களோடு செவ்வாயும் சேர்ந்தது. வீட்டுக்குப் போய் விசாரித்தால், திங்கள்தோறும் பக்கத்து ஊரில் சந்தை. அம்மா கீரைக் கட்டு எடுத்துக்கொண்டு விடிகாலையில் போய்விடுவார். இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. திங்கள் நடத்திய கணக்கு செவ்வாய்க்கிழமை புரியவில்லை, வீட்டுப்பாடம் இல்லை, திட்டு விழுகிறது. அதனால் செவ்வாயும் லீவு. இதற்குத் தீர்வு அறிவுரை இல்லை. ஊர் அங்கன்வாடி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திங்கட்கிழமை மட்டும் அந்தப் பொடியனை அங்கன்வாடி உதவியாளர் வரும் வழியில் தூக்கிக்கொண்டு போவதென்று பேசி முடித்தோம். பெண் அந்த வருடம் நிற்கவில்லை.

"அவனுக்குப் படிப்பு ஏறலை" என்று பெற்றோரே சொல்கிறார்கள். ஆர்வமில்லாத பிள்ளையை என்ன செய்ய முடியும்?

கணக்கெடுப்புப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அதிகமாக எழுதப்படுவது "படிப்பில் ஆர்வமின்மை". நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பிறகுதான் உறைத்தது, யாருக்கும் வம்பு வராத ஒரே பதில் அதுதான் என்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கையில் பைலோடு ஒரு சார் வாசலில் நிற்கிறார். "பையனை வேலைக்கு அனுப்பிவிட்டோம்" என்றால் சட்டப்படி தப்பு. "பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்" என்றால் அதுவும் தப்பு. "வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து புத்தகத்தைக் கிழித்துவிட்டார்" என்று எந்தப் பெண் ஊரார் முன்னால் சொல்வார்? வாங்கிய கடனைச் சொல்லலாமா? "என்னா சார் பண்றது, அதுக்குப் படிப்பு ஏறலை" என்று சொல்லிவிட்டால் பழி பிள்ளை மேல் போகும், மற்ற எல்லாரும் தப்பிப்பார்கள். பெற்றோர், ஆசிரியர், அதிகாரி, படிவம் நிரப்புகிற நான் உட்பட.

அதற்காக அது எப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையை எட்டாம் வகுப்பில் நாள் முழுக்க உட்கார வைத்தால் எந்த ஆர்வம் வரும்? கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் இதை மோசமாக்கியது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கினார்கள். தன்னார்வலர் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் மாலை வகுப்பு. அங்கே சத்தமாக வாய்விட்டுப் படித்த பிள்ளைகள் பள்ளியில் வாயே திறக்காதவர்கள் என்று அந்த ஊர் ஆசிரியரே சொன்னார். ஆகவே ஆர்வமின்மை என்று எழுதுவதற்கு முன், பிள்ளையிடம் ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

அரசுப் பள்ளியில் எல்லாம் இலவசம். அப்புறம் வறுமை எப்படிக் காரணமாகும்?

பள்ளிக்குக் கட்டும் பணம் இல்லைதான். புத்தகம், சீருடை, பை, செருப்பு, பஸ் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் கிடைக்கிறது. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வராமல் போகிற கூலிக்கு யார் ஈடு தருவது? அதுதான் வீட்டில் நடக்கும் கணக்கு.

இந்தக் கணக்கு எல்லா நாளும் ஒன்றாக இருக்காது. அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட வாரம், மாடு செத்த வாரம், மகளிர் குழுக் கடன் தவணை மூன்று பாக்கி விழுந்த வாரம் என்று சில வாரங்கள் உண்டு. பிள்ளை நிற்பது அப்படி ஒரு வாரத்தில்தான். நிரந்தர வறுமையில் இருக்கும் குடும்பங்கள் எப்படியோ பிள்ளையை அனுப்பிக்கொண்டே இருப்பதையும், திடீர் அடி விழுந்த குடும்பம் நிறுத்திவிடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. நல்லது. ஆனால் உயிரோடு இருந்து படுக்கையில் கிடக்கும் அப்பாக்களின் பிள்ளைகள்தான் என் பட்டியலில் அதிகம்.

செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்?

எங்கள் பக்கத்திலிருந்து பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார். அந்தப் பணம் ஏற்கெனவே வைத்தியத்துக்கோ காதுகுத்துக்கோ செலவாகியிருக்கும். கல் அறுப்பு, கணவனும் மனைவியும் ஜோடியாகச் செய்கிற வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைக்கு என்று தனிக் கூலி கிடையாது. ஆனால் பிள்ளை கல்லைத் திருப்பிப் போட்டால், மண் எடுத்துக் கொடுத்தால் அன்றைய எண்ணிக்கை கூடும், முன்பணம் சீக்கிரம் கழியும். "நான் பிள்ளையை வேலைக்கு வைக்கவே இல்லையே" என்று சூளைக்காரரும் சொல்லலாம், மேஸ்திரியும் சொல்லலாம். பேரேட்டில் பிள்ளையின் பெயர் இருக்காது.

மழைக்கு முன்பு ஊர் திரும்பும்போது ஆண்டுத் தேர்வு முடிந்து புது வகுப்பும் தொடங்கியிருக்கும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயில் ஆக்குவது இல்லை என்பதால் பிள்ளையை அடுத்த வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடத்திய பாடம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. ஐந்து வருடம் போனால் இரண்டு வருடப் படிப்பு காணாமல் போயிருக்கும்.

இதில் குடும்பத்துக்குக் குடும்பம் பெரிய வித்தியாசம் எது தெரியுமா? ஊரில் பாட்டி இருக்கிறாளா இல்லையா என்பதுதான். பாட்டி இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். பருவகால விடுதிகள், சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் தற்காலிகச் சேர்க்கை எல்லாம் இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தியிருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். இருந்தாலும் விடுதியைவிடப் பாட்டியைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

சாதி இன்னும் ஒரு காரணமா? பள்ளியில் எல்லாரும் ஒன்றாகத்தானே உட்காருகிறார்கள்?

ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். பெருக்குவதற்கும் தண்ணீர் தெளிப்பதற்கும் யாரைக் கூப்பிடுகிறார்கள், கழிவறையைச் சுத்தம் செய்யச் சொன்ன செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று பாருங்கள். "உங்களுக்குத்தான் எல்லாம் சும்மாவே கிடைக்குதே" என்று உதவித்தொகைப் படிவத்தை நீட்டும்போது சொல்லப்படும் ஒரு வரி போதும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது மறக்காது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் கூடப் படித்தவர்களே இருந்தார்கள். அதற்கு முன்பே அந்த மாணவர் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அந்தச் சில நாள் லீவுக்கும் பதிவேட்டில் ஒரு சிவப்புக் குறிதான் விழுந்திருக்கும்.

பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னொரு முட்டுக்கட்டை, சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தருவார். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையில். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருக்கிறதா என்று கேட்பார்கள். பட்டா இல்லாமல், புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்த இருளர் குடும்பத்தில் யாரிடம் எந்தக் காகிதம் இருக்கும்? காட்டுநாயக்கன் பிள்ளைகளுக்கும் இதே கதை. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023 ஜனவரியில்தான். பத்தாம் வகுப்பு வரை சான்றிதழ் இல்லாமல் ஓட்டிவிடலாம். அதற்கு மேல் உதவித்தொகை, விடுதி, கல்லூரி இடம் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் வேண்டும். குடும்பத்தில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பு முடித்த பையன், சான்றிதழுக்காக அலைந்து அலைந்து சலித்துப் போய் எலி பிடிக்கக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். அவனுடைய படிவத்திலும் காரணம் "ஆர்வமின்மை".

பெண் பிள்ளைகள் வயசுக்கு வந்ததும் நிறுத்துவது இப்போதும் நடக்கிறதா?

குறைந்திருக்கிறது, போகவில்லை. முன்பெல்லாம் சடங்கு முடிந்ததும் நேராக நிறுத்தம். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை. ஊரில் உள்ள எட்டாம் வகுப்பு முடிந்து வெளியூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய நேரத்தில்தான் தயக்கம் வருகிறது. பஸ் காலை ஒன்று, மாலை ஒன்று. மாலை பஸ் போய்விட்டால் சாலையோரம் நடந்து வர வேண்டும். யாரோ ஒரு பையன் பைக்கில் பின்னால் வந்தான் என்று பேச்சுக் கிளம்பினால் முடிந்தது, மறுநாள் நிறுத்தம். பையன் எந்தச் சாதி என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு நடக்கும்.

விலையில்லா சைக்கிள் திட்டம் முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் வந்து, பிறகு எல்லாருக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிள்களால் படித்து முடித்த பெண்களை நானே அறிவேன். ஒரு சின்ன மனக்குறை: பதினொன்றாம் வகுப்பில்தான் தருகிறார்கள். தூரம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது, சில ஊர்களில் ஆறாம் வகுப்பிலேயே.

கல்யாணம் என்ற காரணத்துக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். முந்தைய சுற்றில் 16.3. கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பது என்ற எண்ணமே பெண்களை மில்லுக்கும் அனுப்பியது. கோவை, திண்டுக்கல், ஈரோடு பக்கத்து நூற்பாலைகளில் மூன்று வருடம் தங்கி வேலை செய்தால் கடைசியில் ஒரு மொத்தத் தொகை என்று ஆள் எடுத்தார்கள். அதற்குப் பெயரே சுமங்கலித் திட்டம்.

அரசுப் பணம் இந்தக் கணக்கை மாற்ற முடியுமா என்றால், முடியும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989இல் 5,000 ரூபாயோடு தொடங்கியது. நிபந்தனை, பெண் எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். பிறகு அது பத்தாம் வகுப்பானது, பட்டத்துக்குக் கூடுதல் தொகை வந்தது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. "பத்து முடிக்கட்டும், பணம் வரும்" என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட வீடுகள் உண்டு. 2022 செப்டம்பரில் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்தோடு கட்டியிருந்த பணத்தை அவிழ்த்துப் படிப்போடு கட்டியது சரியான வேலை என்பது என் அபிப்பிராயம். தங்கம் போச்சே என்று வருத்தப்பட்ட அம்மாக்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் பையன்கள் பரவாயில்லையா?

இல்லை. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் பெண்களைவிடப் பையன்கள்தான் அதிகமாக நிற்கிறார்கள். பெண்ணை நிறுத்தினால் நாலு பேர் கேட்கிறார்கள். பையன் வேலைக்குப் போனால் "பொறுப்பு வந்துடுச்சு" என்று பாராட்டுகிறார்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங் போனால் 400, 500 ரூபாய், சாப்பாடு தனி. பெயின்ட், சென்டரிங், மெக்கானிக் கடை. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் ஒரு போன், அந்தப் போனுக்கு மாதத் தவணை. தவணை வந்தபின் ஞாயிறு மட்டும் போதாது. 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் பையன்களுக்கும் கல்லூரியில் மாதம் 1,000 தருகிறது. ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கல்லூரி என்பது மூன்று வருடம் தள்ளி, கேட்டரிங் காசு இன்று ராத்திரி.

அப்பா அம்மா படிக்காதவர்கள் என்றால் அது பிள்ளையை எப்படிப் பாதிக்கும்?

படிக்காத பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்பது நகரத்துக் கற்பனை. அவர்களைப் போல அதை நினைத்து ஏங்குபவர்கள் யாரும் இல்லை. குறைவது ஆசை இல்லை, வழி தெரிவது. பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுத்தால் எங்கே போகலாம், உதவித்தொகைப் படிவத்துக்குக் கடைசித் தேதி எது, ஆதாரில் பெயரும் டிசியில் பெயரும் ஒரு எழுத்து மாறியிருந்தால் யாரைப் பார்ப்பது, கூட்டத்துக்கு வரச் சொன்னால் அங்கே போய் என்ன பேசுவது. படித்த வீட்டில் இதெல்லாம் சாப்பிடும்போது நடக்கும் பேச்சு. படிக்காத வீட்டில் ஒவ்வொன்றும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டிய வேலை.

ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம் காலை பதினொரு மணிக்கு. நடவு நேரம். வந்தவர்கள் ஏழு பேர். "இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லை" என்றார் ஓர் ஆசிரியர். அடுத்த கூட்டத்தை மாலை ஆறரைக்கு, தெருவிலேயே கோயில் திண்ணையில் வைத்தார்கள். இடம் போதவில்லை.

அப்பாவின் தொழிலையே பிள்ளை கற்றுக்கொண்டால் என்ன தப்பு?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளையை இன்ஜினியரிங்கில் சேர்த்தவர்கள். 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்று கொண்டுவந்ததை மக்கள் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகி காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. எதிர்த்ததன் காரணம் எளிது: வக்கீல் வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் வக்கீல் தொழில் கற்கலாம், வண்ணார் வீட்டுப் பிள்ளையும் அப்பா தொழிலையே கற்கலாம், அடுத்த தலைமுறையிலும் யார் எங்கே இருப்பார் என்பது மாறாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டில் பீடி சுற்றுவது ஆபத்தான தொழில், அதற்கு விலக்கு கிடையாது. ஆனால் இரவு எட்டு மணிக்கு மூடிய கதவுக்குப் பின்னால் யார் போய்ப் பார்ப்பது?

சாப்பாடு போட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்களா?

வருவார்கள். நூறு வருட அனுபவம் இது. 1920இல் தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. 1956இல் காமராசர் மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15 முதல் ஒன்றிலிருந்து ஐந்து வரை காலை உணவும்.

காலை உணவின் அருமை களை பறிக்கப் போகும் அம்மாக்களுக்குத் தெரியும். ஏழு மணிக்குள் வேலைக்குப் போய்விடும் பெண், பிள்ளைக்கு முந்தைய இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். பிள்ளை அதைச் சாப்பிடாமலே பள்ளிக்கு வரும், பதினொரு மணிக்கு மயங்கி விழும், மறுநாள் வராது. ரவை உப்புமாவும் பொங்கலும் அந்த மறுநாளை மாற்றியிருக்கின்றன. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடுகிறது. பசி நிற்குமா என்று நான் கேட்டால் நிதி நிலைமை என்பார்கள்.

டிசி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளியில் சேர்க்க மறுக்கலாமா?

எட்டாம் வகுப்பு வரை மறுக்க முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை பள்ளியே போகாதது என்றால் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

சட்டம் எந்த வயது வரை பாதுகாக்கிறது?

கல்வி உரிமை 6 முதல் 14 வரை. 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. அதாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை துணிக்கடையில் நிற்பதைச் சட்டம் தடுக்காது. இடைநிற்றல் அந்த வகுப்பிலிருந்தே கூடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பத்தாம் வகுப்பில் பெயில். இனி அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை. அதே கோடையில் துணைத்தேர்வு நடக்கும், பெயிலான பாடத்தை மட்டும் எழுதினால் போதும், பாஸ் செய்தால் அந்த வருடமே பதினொன்றில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பெயிலான செய்தியைவிட அன்று வீட்டில் பேசும் பேச்சுதான் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. ரிசல்ட் வந்த வாரத்தில் யாராவது வீட்டுக்குப் போய் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, கட்டணத்தையும் கட்டிவிட்டால் பாதிப் பேர் எழுதிவிடுவார்கள்.

திரும்பச் சேர்த்த பிள்ளை மறுபடியும் நின்றுவிடுகிறதே?

சேர்க்கும் நாளில் போட்டோ எடுக்கிறோம், நோட்டு கொடுக்கிறோம். நாலாம் நாள் அந்தப் பிள்ளை தன்னைவிட ஒரு தலை குள்ளமான பிள்ளைகளோடு உட்கார்ந்து, "வந்துட்டாருப்பா பெரியவரு" என்ற கேலியைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் ஒரு மாதம்தான் சிரமம். அந்த மாதத்தில் வகுப்பில் ஒரு கூட்டாளியாவது கிடைத்துவிட்டால் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஒரு கிராமத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் திரும்பி வந்த பையனை முதல் நாளே கபடி டீமில் போட்டுவிடுவார். அவர் பள்ளியில் திரும்ப நின்றவர்கள் மிகக் குறைவு. பிள்ளை நின்றதற்கான காரணம் மாறாமலே இருந்தால், அதாவது கடன் அப்படியே, தம்பியைப் பார்க்க ஆள் இல்லாமல் அப்படியே இருந்தால், கபடியும் காப்பாற்றாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டது. யாரிடம் சொல்வது?

முதலில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம், அல்லது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம். அந்தக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உண்டு, உங்கள் தெருவிலேயே ஓர் உறுப்பினர் இருக்கலாம். அங்கே வேலை ஆகவில்லை என்றால் வட்டார வள மையம், அதாவது ஒன்றிய அளவில் இருக்கும் கல்வித் துறை அலுவலகம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. வேலைக்கு வைத்திருக்கிறார்கள், கல்யாணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

போன் போடும் முன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள். படிப்பைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். "என்ன, அண்ணனுக்கு வேலை எப்படிப் போகுது, உடம்பு தேவலையா" என்று ஆரம்பித்தால், டீ வருவதற்குள் காரணம் வந்துவிடும்.